டோனர்

சனாயா முப்பத்தேழாம் தெரு.
ஏசி ஒழுகும் பக்கம் என் மேசை.
இருநூற்றுப் பதினாறு பேரின் மாதம்
என் விரல் வழியாகத்தான் வங்கிக்குப் போகும்.

கூலி உயர்வு எப்படி வந்தது என்று கேட்டால்,
ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்,
அரபியில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம்
மின்னஞ்சலில் வந்தது.
வருகிற இருபதாம் தேதியிலிருந்து
அடிப்படைச் சம்பளம் ஆயிரம் ரியாலுக்குக் குறையக் கூடாது.

நான் படித்து முடிக்குமுன் கேம்புக்குத் தெரிந்துவிட்டது.
மெஸ்ஸில் தில் பகதூர் போனைத் திறந்து
நேபாள ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தான்.
பருப்பு ஆறியது.
மறுபடியும் மாற்றிப் பார்த்தான்.

சனிக்கிழமை முதீர்
என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
"அடிப்படையை ஏற்று. இதரப் படியை இறக்கு."
எழுநூற்றைம்பது ஆயிரமானது.
இருநூற்றைம்பது பூஜ்யமானது.
சாப்பாட்டுக் காசு முந்நூறு, அப்படியே.
கூட்டினால் ஆயிரத்து முந்நூறு.
போன மாதமும் அதுதான்.
நின்றுகொண்டு வந்தவனுக்கு
ஜன்னலோரம் இடம் கிடைத்த மாதிரி
காசு ஒரு கட்டத்திலிருந்து நகர்ந்து
இன்னொரு கட்டத்தில் உட்கார்ந்தது.
பஸ் அதே பஸ்.

ஓவர்டைமுக்கு அடிப்படைதான் கணக்கு என்பதால்
அதையும் வாரத்துக்கு ஆறு மணி என்று வெட்டினார்.

நிஜமாக ஏறியது ஒன்பது பேருக்கு.
இறக்குவதற்கு இதரப் படியே இல்லாதவர்கள்,
கக்கூஸ் கழுவுகிறவர்கள்.
மொய்னுல் மட்டும், அடுத்த மாதம்,
வங்கிக் குறுஞ்செய்தியோடு வந்து நின்றான்.
"தப்பா விழுந்திருச்சா சார்?"
இல்லை என்று மூன்று தடவை சொல்லியும்
அந்த இருநூற்றைம்பதை மட்டும்
ஒரு வாரம் எடுக்காமல் வைத்திருந்தான்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

திங்கள் இரவு சாரக்கட்டு உக்கிரபாண்டி வந்தார்.
பதினோரு வருடம். சட்டையெல்லாம் துரு.
"தம்பி, முடிச்சுட்டுப் போறப்ப குடுக்குற காசு
எதை வச்சுக் கணக்கு?"
கடைசி அடிப்படையை வைத்து என்றேன்.
"வருசத்துக்கு மூணு வாரம்?"
ஆமாம்.
"பழைய வருசத்துக்கும் இப்ப உள்ள அடிப்படைதானா?"
ஆமாம்.
என் மேசைக் கண்ணாடியில் விரலால் எழுதினார்,
ஐயாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து.
அதன் கீழே ஏழாயிரத்து எழுநூறு.
அங்கே தூசி இருந்ததால் எனக்கும் தெரிந்தது.
"அப்ப எனக்குக் கூலி ஏறுறது
வேலையை விடுற அன்னைக்கு."
சத்தமாகச் சிரித்தார். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான்.

முதீருக்கும் கணக்கு வரும்.
செவ்வாய்க்கிழமை ஒரு பட்டியல் தந்தார்.
பத்து வருடம் தாண்டியவர்கள் முப்பத்தொரு பேர்.
பத்தொன்பதாம் தேதிக்குள் பழைய பாக்கியைத் தீர்த்து
கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.
மறுநாளிலிருந்து புது ஒப்பந்தம், புது ஆள்,
வருடம் ஒன்று.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை.
டோனர் தீர்ந்துவிட்டது என்றேன்.
எடுத்து இரண்டு குலுக்குக் குலுக்கினால்
இன்னும் முந்நூறு பக்கம் வரும்.
கீழ் டிராயரில் புதுசு ஒன்று இருந்தது.
அதன்மேல் என் சாப்பாட்டு டப்பாவை வைத்தேன்.
புதன்கிழமை, கடையில் ஸ்டாக் இல்லை என்றேன்.
வியாழக்கிழமை, வண்டி வருகிறது என்றேன்.
வெள்ளி விடுமுறை.
சனிக்கிழமை தேதி இருபது.

முதீர் என்னை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு பிரிண்டரைப் பார்த்தார்.
பத்திரப்படுத்திக்கொள்கிற பார்வை அது.

உக்கிரபாண்டி இன்னும் போகவில்லை.
"இன்னொரு எழுநூறு சேரட்டும்" என்கிறார்,
ஒவ்வொரு வருடமும்.

எண்பத்தெட்டாவது வரிசையில் என் பெயர்.
அதிலும் இதரப் படி பூஜ்யம்.
நானே அடித்தது.