நீடாமங்கலம் கேட்

சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொன்பதாவதில்
ஒன்றுக்குத் தள்ளிய கியர்
எங்கேயும் போகவில்லை.
கஞ்சிக்குள் விட்ட கரண்டி மாதிரி
சும்மா சுற்றி வந்தது கை.

கேட் திறந்தது.
பின்னால் ஒரு மினி பஸ், ஒரு நெல் லாரி,
அதற்கும் பின்னால் மன்னார்குடி வரைக்கும் ஆரன்.

"பத்தரைக்கு மெஷின்ல படுக்கணும், ரெஜினா"
பின் சீட்டிலிருந்து பக்கிரிசாமி அண்ணன் சொன்னார்,
மழை வரும்போலிருக்கு என்பது மாதிரி,
டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு.
செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு ரத்தம் கழுவும் நாள்.
எனக்கு டீசல் போக எழுநூறு.

ரிவர்ஸ் மட்டும் விழுந்தது.
அவரைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு
கழுத்தைத் திருப்பியபடி ஒன்றரைக் கிலோமீட்டர்
கோரையாற்றங்கரையில் பின்பக்கமாகவே ஓட்டிப் போனேன்.
நடவுக்குப் போனவர்களில் ஒருத்தி நின்று கேட்டாள்,
"வண்டி கோச்சுக்கிச்சா யக்கா?"
உருட்டிவிடலாமென்றால்
இந்தப் பக்கத்தில் ஒரு சரிவு உண்டா?
தண்ணீரே யோசித்து யோசித்துத்தான் போகிறது.

ஜெகபர் பெட்டியை இறக்கி
எண்ணெயைத் தட்டில் வடித்தான்.
கறுப்புக்குள் கெண்டைச் செதிலாய் மின்னியது இரும்புத் தூள்.
விரலை விட்டுத் துழாவி ஒரு பல்லை எடுத்தான்.
பால் பல் அளவு.
"இதுதான்க்கா."

புதுசு அறுபத்திரண்டாயிரம்.
பிரித்துச் செய்தால் இருபத்தெட்டு,
ஆனால் கேரண்டி கேட்கக் கூடாது.
திருச்சியில் பழையது ஒன்று கிடக்கிறது,
பத்தொன்பது சொல்வான், பதினாறுக்கு இறங்குவான்.
அப்படியே எடைக்குப் போட்டால்
நாற்பது கையில்.

கொழுந்தன் போனில் சொன்னான்,
"வித்துத் தொலைங்க அண்ணி,
ஜவுளிக்கடையில ஆள் எடுக்குறாங்க."
பத்து மணி நேரம் நிற்க வேண்டும். நிற்பேன்.
ஆனால் எங்கே நிறுத்தி டீ குடிப்பது என்று
பதினோரு வருஷமாக நானே முடிவு செய்து
பழகிவிட்டது.
அதை எந்தக் கணக்கில் எழுத?

ராத்திரி கரண்ட் பில்லின் முதுகில் எழுதிப் பார்த்தேன்.
இன்சூரன்ஸ் ஐப்பசியில்.
முன் டயர் இரண்டும் தேங்காய் மாதிரி வழுக்கை.
கூட்டினால் ஒரு தொகை,
மறுபடி கூட்டினால் வேறொரு தொகை.

வெள்ளிக்கிழமை அவரோடு நானும் பஸ்ஸில் போனேன்.
"பழசுன்னா, யாரோடது?" என்றார்.
"ஒரத்தநாடு பக்கம் புளியமரத்துல மோதின வண்டியாம்."
"ஓட்டினவன்?"
நான் கேட்கவில்லை. ஜெகபரும் சொல்லவில்லை.

நான்கு வருஷமாக ஒரு பட்டியலில் இருக்கிறது அவர் பெயர்.
போன் வந்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார்.
அம்மாப்பேட்டை வரும்வரை இருவரும் பேசவில்லை.
பிறகு மெதுவாக,
"பொருந்துமான்னு பார்த்துட்டாங்களா?"
"அதே மாடல், அதே வருஷம்ண்ணே."
"குடுத்து வச்சவ நீ."

மறுநாள் சொசைட்டியில் தோட்டைக் கழற்றினேன்.
துளையில் ஈர்க்குச்சி.

மூன்றாம் நாள் திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கியது,
கோணியில் சுற்றி, ஒரு டிக்கெட்டும் போட்டு.
ஜெகபர் அதை இரண்டு கையாலும் ஏந்தி
உள்ளே கொண்டு போனான்.
நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்,
ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காருகிற மாதிரி,
பையை இறுக்கிக்கொண்டு.

இப்போது நான்காவதுக்கு
கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்க வேண்டியிருக்கிறது.
மூன்றாவது ஒரு நொடி தயங்கித்தான் விழுகிறது.
முன்பு ஓட்டிய கையின் பழக்கமாயிருக்கலாம்.
அந்தக் கைக்கு என்ன ஆனதென்று
இன்னும் கேட்கவில்லை.

செவ்வாய். அதே கேட்.
இன்று சின்ன ரயில், எண்ண ஒன்றுமில்லை.
ஒன்றில் போட்டேன்.
தண்டவாளத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது
டிபன் பாக்ஸ் மூடி தடதடத்தது.
அவர் முன்னால் குனிந்து
கியர்க் குமிழைப் பார்த்துக் கேட்டார்,
"ஒத்துக்குச்சா?"

"இதுவரைக்கும்" என்றேன்.