இரண்டாவது விலை

ஏலம் முடிய நாற்பது நொடி இருக்கும்போது
வூச் நகரத்து டிராம் பணிமனையில்
இரவுப் பணியில் இருக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
ஒன்பதாம் நொடியில்தான் கேட்க வேண்டும்.
முதல் நாளே விலை கேட்பவர்கள் புதியவர்கள்,
சந்தைக்குள் பர்ஸைத் திறந்து பிடித்தபடி நடப்பவர்கள்.
அறுபது என்று போடாதே, போஜெனா,
அறுபது ஸ்லோட்டி பதினேழு க்ரோஷ் என்று போடு.
எல்லோரும் முழு எண்ணில் வந்து நிற்கிறார்கள்,
சில்லறையில் தாண்டிவிடலாம்.

நான் சேர்ப்பது கண்ணாடிப் பொத்தான்கள்.
கோட்டு கிழிந்து, கோட்டுக்குள் இருந்த உடம்பும் போய்
அதன் பிறகும் மிஞ்சுகிறவை.

விற்பவர்களைப் படித்து வைத்திருக்கிறேன்.
'மிக மிக அரியது' என்றால் வாரம் மூன்று வரும்.
'குறை எதுவும் கண்ணில் படவில்லை' என்றால்
மூக்குக்கண்ணாடி போடாமல் பார்த்தது.
விலையை ஒரு ஸ்லோட்டியில் தொடங்கி
தபால் செலவில் லாபத்தை ஒளிப்பவர் உண்டு.
பொத்தானைப் 'பொத்தன்' என்று எழுதியவரிடம்
யாரும் போவதில்லை.
நான் போவேன்.
எழுத்துப்பிழை எல்லாவற்றையும் வரிசையாகத் தேடுவேன்.

பதினோரு வருஷமாக எனக்கு எதிரே ஒருவர்.
பெயரை மறைத்து வ*9 என்று மட்டும் காட்டும் திரை.
நான் ஒன்பதாம் நொடி என்றால் அவர் நான்காம் நொடி.
நான் பதினேழு க்ரோஷ் என்றால் அவர் பதினெட்டு.
டிசம்பரில் வர மாட்டார்,
யாருக்கோ பரிசு வாங்க வேண்டியிருக்கும்.
பத்தாம் தேதிக்குப் பிறகு கை தாராளம்.
நீலத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்,
அதனால்தான் என்னிடம் இவ்வளவு நீலம்.
ஒரு முறை பிறைநிலாப் பொத்தான் ஒன்றை
எழுபத்தொன்றுக்கு என்னிடமிருந்து பறித்தார்.
அன்று ஆறாம் எண் டிராமுக்குத் தவறான தடம் கொடுத்தேன்.

மார்ச்சில் ஒரு பச்சை வண்டு.
தொண்ணூறு வரை போகத் துணிந்திருந்தேன்,
ஐந்துக்குக் கிடைத்தது.
அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.
முதல் வாரம் கேக் வாங்கித் தின்றேன்.
மூன்றாம் வாரம் இணைய இணைப்பைச் சரிபார்த்தேன்.

மே மாதம் புதிய விற்பனையாளர், காயெதான், கியெல்ட்ஸெ.
கட்டைவிரல் மறைத்த படங்கள்.
'பட்டன். பழசு. 14 உருப்படி.'
பிறைநிலா அங்கே இருந்தது,
இடது நுனியில் அதே சிறு உடைசல்.
கீழே வரிசையாக என் தோல்விகள்.
நீலம் ஒன்றுகூட இல்லை.

மரியாதைக்கு முந்நூறு என்று போட்டேன்,
முதல் நாளே, முழு எண்ணில்.
ஏலத்தின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்:
நீ சொன்ன விலையை அது வாங்குவதில்லை,
உனக்கு அடுத்து நின்றவர் விலைக்கு ஒரு படி மேலே வாங்கும்.
அடுத்து யாரும் இல்லை.
ஒரு ஸ்லோட்டி.

கூடுதலாக அனுப்பட்டுமா என்று எழுதிக் கேட்டேன்.
'ஏன்? முடிந்துவிட்டதே' என்றார் காயெதான்.
ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார்.

பார்சல் பெட்டகத்தின் பதினெட்டாம் கதவு திறந்தது.
ஒவ்வொரு பொத்தானும் ஓர் அட்டையில் தைத்து,
பென்சிலில் தேதி, விலை,
யாரை முந்தியது என்று ஒரு பெயர்:
ப*2.
ப*2.
ப*2.
அது நான்.

அடியில் பொத்தான் இல்லாத வெற்று அட்டைகள் சில.
ஒன்றில் என் பெயர், பக்கத்தில்
'இதையும் கொண்டுபோயிற்று, சனியன்.'

பெட்டகத்தின் முன்னால் நின்று சத்தமாகச் சிரித்தேன்.
பின்னால் காத்திருந்தவர்
உங்களுடையது ஆயிற்றா என்றார்.

இந்த ஞாயிறும் உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு மஞ்சள் பொத்தான், எழுத்துப்பிழையோடு.
ஒன்பதாம் நொடியில் கேட்டேன்.
மீதி எட்டு நொடியும்
கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.