உபயகாரர்

லாங்கென்தால் நகரசபை. வியாழன், இரவு ஏழரை.
நாற்பது கதிரைகளில் முப்பத்தொன்பது நிரம்பியிருந்தன.
நாற்பதாவதுக்குத் தடிமன் காய்ச்சல்.

ஏழாம் விடயம்: உள்ளக நீச்சல் தடாகத்தின் பெயர்.

கூரை ஒழுகுகிறது.
ஆழப் பக்கம் நீந்துகிறவரின் தலையில்
மழையும் விழுகிறது.
ஏற்கெனவே நனைந்தவர்கள்தானே,
யாரும் முறையிடவில்லை என்றார் பீட் லுஸ்டென்பேர்கர்.
சிரித்தோம்.
நானும்.

வெல்தானா காப்புறுதி
வருடம் இரண்டு லட்சம் பிராங்க் தரும்,
பத்து வருடத்துக்கு.
பதிலுக்குப் பெயர் மட்டும்
என்றார் நிதிப் பொறுப்பாளர்,
அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை
மேசையில் கிடந்த பாண் துகளைப் போலத்
தட்டிவிட்டு.

வாசலில் பெயர்.
நுழைவுச்சீட்டில் பெயர்.
வாடகைத் துவாயின் கரையில்.
சின்னப்பிள்ளைகள் சறுக்கி விழும்
பச்சைத் தவளையின் வயிற்றில்.

மார்லீஸ் ஷூர் எழுந்தார்.
லாங்கெத்தே ஆறு பெருகி
வீதிக்குள் நடந்து வந்த காலத்தில்
நடைபாதைகளை உயர்த்திக் கட்டினார்களே,
இன்றும் அதில்தானே ஏறி இறங்குகிறோம்,
அந்தக் கல்லில் யார் பெயரைப் படித்தீர்கள்?

அன்றைக்கே வெள்ளக் காப்புறுதி இருந்திருந்தால்
கல்லே தேவைப்பட்டிராது என்றார் பீட்.
அவருக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

நான் வாய் திறக்கவில்லை.
இந்த வியாபாரத்துக்கு என் மொழியில்
பழைய சொல் ஒன்று உண்டு.
டயர்க்கடைக்கும் கம்பளக் கிடங்குக்கும் நடுவே
நாங்கள் வாடகைக்கு எடுத்த கோயிலில்
ஆறாம் திருவிழா உபயம்
சிவகடாட்சம் குடும்பம்.
போன வருடம் நோட்டீசில்
ஒரு ‘ட்’ விழுந்துபோய்ச் சிவகடாசம் ஆனோம்.
இரண்டு தரம் போன் பண்ணிச் சண்டை பிடித்தவள் நான்.
பெயருக்கு வரும் பசி
எனக்குத் தெரியாததல்ல.

ஆனால் பின்னிணைப்பு, பதினான்காம் பக்கம்.
இரவு வேலையில், நோயாளிகள் உறங்கிய பிறகு
வாசித்திருந்தேன்.
தடாகத்தில் உயிரிழப்பு நேருமாயின்
இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள்
பெயர் அகற்றப்படும்.
செலவு நகரத்துடையது.

எழுந்தேன்.
வினைச்சொல்லை வசனத்தின் கடைசியில் வைக்க
பிறந்ததிலிருந்தே பழகியவள்;
ஜெர்மன் அன்று தடுக்கவில்லை.
அந்த ஒரு நாளில், கேட்டேன்,
தடாகம் யாருடையது?

தலைவி சட்ட ஆலோசகரைப் பார்த்தார்.
சட்ட ஆலோசகர் தாளைப் பார்த்தார்.
தாள் யாரையும் பார்க்கவில்லை.
நகரத்துடையது, என்றார் பிறகு,
மிக மெல்ல.

எங்கள் ஆறாம் திருவிழாவில்
பொங்கல் அடிப்பிடித்தது.
புகை கூரைக்கு ஏறி அபாயமணி அடித்து
தீயணைப்பு வண்டி இரண்டு வந்து
வேட்டியோடும் சேலையோடும் எல்லோரும் வீதியில் நின்றோம்.
அறுநூறு பிராங்க் பில்
குடும்பத்தின் பெயருக்கே வந்தது.
அதில் ஒரு எழுத்தும் விழவில்லை.
கட்டினோம்.
கரிந்த பொங்கலையும் நாங்களே தின்றோம்.

இதைச் சபையில் சொல்லவில்லை.
மூன்று நிமிடம்தான் தந்திருந்தார்கள்.

ஆம் இருபத்திரண்டு. இல்லை பதினாறு.
தலைவி வாக்களிப்பதில்லை.
என் திருத்தம் ஒன்று மட்டும்
ஏகமனதாக நிறைவேறியது:
பெயரைக் கழற்றும் செலவு கம்பனியுடையது.
மேசையைத் தட்டினார்கள்.
வாழ்த்துக்கள் என்று பீட் கை கொடுத்தார்.
அந்தக் கையை எங்கே வைப்பதென்று
படி இறங்கும்வரை தெரியவில்லை.

வெளியே ஃபத்மீர், தடாகத்துக் காவலர்,
பார்வையாளர் வரிசையில் கடைசிவரை இருந்தவர்,
கழுத்தில் விசில் இன்னும் தொங்க
சிகரெட் பற்றவைத்தார்.
ரீசேர்ட் மாறுமா?
மாறும். நீலமாம்.
இப்போதும் நீலம்தானே.
ஓம்.

சபை முடிந்தவர்கள் ஒவ்வொருவராய்
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.
என்ன என்றேன்.
பழக்கம், என்றார். தலை எண்ணுகிறேன்.
உள்ளே போனது முப்பத்தொன்பது.

புகையை ஊதிவிட்டுக் காத்திருந்தார்,
கடைசி ஆள் வெளியே வரும்வரை.