எடைமேடைக் கூண்டிலிருந்து

பித்தோம் நகரில் ஜனவரி.
டன் டன்னாகப் பழசு வந்து ஏறும்
என் எடைமேடையில்.
காந்தம் ஒட்டினால் இரும்பு,
ஒட்டாவிட்டால் கொஞ்சம் கூடுதல் விலை.
பதினோரு ஆண்டுகளில் உலோகம் பற்றி
இவ்வளவு போதுமாயிருந்தது எனக்கு.

அன்று மாலை மூன்றாம் குவியலில்
பழைய கார்களின் கியர்பெட்டிகள்;
பார்த்தால் பாறை, தூக்கினால் காலி டப்பா.
வெட்டும் பொறியிலிருந்து தெறித்தது
ஒரே ஒரு பொறி.

வண்டியிலிருந்து முதலில் குதித்தவன் கயெதான்,
தீயணைப்புப் படையில் சேர்ந்து மூன்று வாரம்.
குழாயைத் திறந்தான்.
எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றாதே என்பார்கள்,
தண்ணீர் ஊற்றாதே என்று
எந்த ஊர்ப் பழமொழி சொன்னது?

வெள்ளை.
கண்ணை மூடினாலும் உள்ளே வந்த வெள்ளை.
தண்ணீரைக் கிழித்து
அதன் ஆக்சிஜனைத் தின்றது மெக்னீசியம்,
அது துப்பிய ஹைட்ரஜன்
தன் பங்குக்குத் தானும் வெடித்தது.
கிரேனின் நிழல், வேலியின் நிழல், என் நிழல்
பனியில் கத்தரித்து ஒட்டியதுபோல் கிடந்தன.
விடிந்துவிட்டதென்று கரைந்தன
அப்போதுதான் அடைந்த காகங்கள்.

"நிறுத்து!" என்றாள் யுதித்தா, அணித்தலைவி.
பிறகு என்னிடம், மணல் இருக்கிறதா?
காய்ந்ததா?
நிச்சயமாகக் காய்ந்ததா?
வாளி வாளியாக நானும் சுமந்தேன்.
தண்ணீரே ஆகாத அந்தச் சாமான்
ஒன்றரை மணி நேரம்
எங்கள் எல்லோருக்கும் தண்ணி காட்டியது.

என் கூண்டில் தேநீர்.
செம்புக் கெட்டில்; நானறிந்த நாளாய்
நீராவி அதன் மூக்கு வழியே வந்துபோகிறது,
ஒரு வார்த்தை பேசியதில்லை இரண்டும்.
புருவம் கருகிய கயெதான்
கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"பள்ளியில் செய்து காட்டினார்கள்.
பட்டாணி அளவு சோடியம்
தண்ணீர்மேல் உருண்டு உருண்டு ஓடியது,
கைதட்டினோம்.
பொட்டாசியம் ஊதாவாய் எரிந்தது,
இன்னொரு முறை என்று கத்தினோம்.
மெக்னீசியத்தைக் குளிர்ந்த நீரில் போட்டார்கள்.
ஒன்றுமே நடக்கவில்லை.
காத்திருந்தோம்.
மணி அடித்துவிட்டது."

யாரும் சிரிக்கவில்லை.
சர்க்கரை டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள் யுதித்தா.

மறுநாள் முதல் குவியல்களை
வேறு மாதிரி பார்க்கிறேன்.
மழையில் நனைந்து
மெல்ல மெல்லத் துருவாகும் இந்தத் தண்டவாளம்
செக்கச் சிவக்கக் காய்ந்திருந்தால்
நீராவியை விட்டுவைக்காதாம்.
துத்தநாகத் தகடும் அப்படித்தானாம்.
அலுமினியம் மேலே ஒரு மெல்லிய தோல் போர்த்திக்கொண்டு
எனக்கென்ன என்றிருக்கிறது.
என் மோதிரம் தங்கம்.
கழற்றாமலேதான் பாத்திரம் கழுவுகிறேன்,
கொதிக்கிற நீரில்கூட ஒரு குமிழி இல்லை,
போட்டுவிட்டவன் போன பிறகும்.

காப்பீட்டுப் படிவத்தில்
"தீ பெருகக் காரணம்" என்ற கட்டத்தில்
தண்ணீர் என்று எழுதி அனுப்பினேன்.
பிழை, திருத்துக என்று
சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பி வந்தது.

திருத்தினேன்.
அதே சொல்,
இம்முறை பேனாவை அழுத்தி.