தன்னைக் கூட்டாமல்

லியபாயா துறைமுகம். இரவு இரண்டேகால்.
காற்று நொடிக்குப் பதினெட்டு மீட்டரைத் தாண்டிவிட்டது,
கிரேனை நிறுத்து என்று
கீழிருந்து விஸ்மாவின் குரல்.
நிறுத்தினேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் என் கண்ணாடிக் கூண்டு
விழப்போகும் பல் போல ஆடுகிறது.
மடியில் மகள் கழித்துக் கட்டிய கணினி.
அதில் எட்டு மட்டும்
இரண்டு தடவை குத்தினால்தான் விழும்.

ஒன்பது வரி.
ஓர் எண்ணை எடு.
அதை மீதியில்லாமல் வகுப்பவர்களைக் கூப்பிடு.
கூட்டு.
கூட்டுத்தொகை அந்த எண்ணேயானால், சொல்.
செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் இவ்வளவுதான் பாடம்.

ஓட்டினேன்.
1
என்றது. அப்புறம் பேச்சே இல்லை.
பத்தாயிரம் வரை போய் வந்தும்
அதே ஒற்றை ஒன்று,
கப்பல் போனபின் தளத்தில் கிடக்கும் கையுறை மாதிரி.

சரக்குச் சீட்டின் முதுகில் போட்டுப் பார்த்தேன், ஆறை.
ஒன்று, இரண்டு, மூன்று.
அதோடு ஆறும்.
பன்னிரண்டு!
விருந்து வைத்தவரே பந்தியில் உட்கார்ந்து
தன் தலையையும் எண்ணிவிட்டார்.
எல்லா எண்ணும் இதையேதான் செய்திருக்கிறது.
தன்னைச் சேர்த்தும் கணக்கு மிஞ்சாதது
ஒன்றுக்கு மட்டும்தான்.
அதற்கு வேறு ஆள் இல்லை.

'சிறியது அல்லது சமம்' என்றிருந்ததில்
சமத்தை அழித்தேன்.
ஒன்று காணாமல் போனது.

"ஆறு!"
வானொலிப் பொத்தானை அழுத்தியபடியே கத்திவிட்டேன் போல.
"ஆறு பெட்டியா? எந்தக் கப்பல்?"
"இருபத்தெட்டு."
"தேதி எனக்கும் தெரியும், இல்க்வார்ஸ். தூங்கிட்டியா?"

எட்டு பாவம், ஒன்றால் தவறியது.
பன்னிரண்டு பொங்கிப் பதினாறாய் வழிந்தது.
நானூற்றுத் தொண்ணூற்றாறு வந்தது.
மூச்சு வாங்கி மூச்சு வாங்கி
எட்டாயிரத்து நூற்றிருபத்தெட்டு.

அடுத்தது மூன்று கோடிக்கும் அப்பால்.
என் ஒன்பது வரி அங்கே நடந்து போய்ச் சேர
ஒன்றரை வருஷம் ஆகும்,
கணக்குப் போட்டேன்.
இருந்தாலும் எல்லையை நான்கு கோடி ஆக்கி
நுழைவு விசையைத் தட்டினேன்.

"காற்று பதினொன்று. ஆரம்பி."

மூடியைச் சாத்தவில்லை.
இருக்கைக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு
முதல் பெட்டியைக் கவ்வினேன்.
முதுகுப்பக்கம் சின்ன விசிறி இரைகிறது.
மின்கலம் பதினான்கு சதவீதம்.