அறை எண் இருபத்தேழு

சவரிமுத்துவின் முகத்தைப்
பேப்பரில் பார்த்ததுதான் அதிகம்.
கையை உள்ளேயிருந்து அறிவேன்.

பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறை.
எண்பத்தெட்டு, மே மாதம்.
ரேஸ்கோர்ஸ் மைதானத்திலிருந்து
தோளில் தூக்கியபடியே கொண்டுவந்துவிட்டார்கள்.
பதக்கத்தைக் கழற்றச் சொன்னேன்.
"கைக்குத்தானே படம், கழுத்துக்கு எதுக்கு?"
சரிதான். ஆனாலும் கழற்றி
என் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.
சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு
அகப்பைக் காம்பு மாதிரி முறிந்திருந்தது.
அந்தக் கையோடுதான்
மூன்றாவது சுற்று முழுக்கக் குத்தியிருக்கிறான்.
பிலிம் ஓரத்தில் 'மாநில சாம்பியன்' என்று எழுதினேன்.
டாக்டர் திட்டினார்.

பிறகு ரயில்வேயில் வேலை.
கூடல்நகர் யார்டில் அதிகாரியை அடித்த கதையை
ஆளுக்கொரு விதமாய்ச் சொன்னார்கள்.
ஒன்றில் அதிகாரி ஊரைக் கேட்டு
பிறகு தெருவைக் கேட்டார்.
ஒன்றில் இவன் குடித்திருந்தான்.
படத்தில் இரண்டும் தெரியாது.
அதே எலும்பு. பழைய முறிவின் மேலேயே
புதிய முறிவு.

தொண்ணூற்றைந்து, தீபாவளிக்கு மறுநாள் கிரகணம்.
ஆஸ்பத்திரியே பழைய பிலிம் கேட்டு
என் வாசலில் நின்றது.
பிணவறைப் பையனுக்குக் கிடைத்தது சவரியின் வலது கை.
"அண்ணே, சூரியனை விரலிடுக்குல வச்சிருக்கான்!"
நானும் வாங்கிப் பார்த்தேன்.
என் கை ஆடியதில்
கடித்து வைத்த அப்பளத் துண்டு போல வெளிச்சம்
அவன் மணிக்கட்டைத் தாண்டி நழுவியது.

அந்த டிசம்பரில் தவமணி வந்தாள்.
"மாடிப்படியில விழுந்துட்டேன்."
அவர்கள் இருந்தது செல்லூரில் ஓட்டு வீடு.
விழுகிறவள் உள்ளங்கையை ஊன்றுவாள்,
மணிக்கட்டு போகும்.
முன்கை நடுவில் முறிவது
முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்கியவளுக்கு.
இதை எழுத சீட்டில் கட்டமில்லை.
பெண், வயது இருபத்தாறு, இடது, என்று எழுதி
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் அவன் தனியாக வந்தான்.
"என் கையையும் ஒரு படம் எடுங்கண்ணே."
எடுத்தேன். ஈரம் சொட்டச் சொட்ட
விளக்கில் பிடித்துக் காட்டினேன்.
ஒன்றுமில்லை.
"நல்லாப் பாருங்க" என்றான்.
நன்றாகப் பார்த்தேன்.
ஒரு கீறல்கூட இல்லை என்றதும்
தீர்ப்பில் ஏமாற்றப்பட்டவன் போல
நடுவர் முகம் பார்த்தான்,
என் முகத்தைத்தான்.

அப்புறம் ஒருமுறை
அரசரடி ஜெயிலிலிருந்து விலங்கோடு.
அதையும் கழற்றச் சொன்னேன்.

பழைய பிலிமில் வெள்ளி இருக்கிறதாம்.
கம்ப்யூட்டர் வந்த வருடம்
மூட்டை மூட்டையாய் எடைக்குப் போட்டார்கள்.
தராசுக்குப் போகும் முன் ஒன்றை மட்டும்
சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
சாம்பியனுடையதை இல்லை.
யாராவது கேட்டால் சொல்லலாம் என்று.
தவமணி தேனிப் பக்கம் போய்விட்டாள்.
யாரும் கேட்கவில்லை.

போன வாரம் தலை ஸ்கேனுக்கு வந்திருந்தான்.
சீட்டில் 'உடன் வந்தவர்' கட்டம் காலி.
நலிந்த வீரர் பென்ஷனுக்கு
அத்தாட்சி கேட்கிறார்களாம்,
பதக்கம் அடகில் மூழ்கிவிட்டதாம்.
"நீங்க சாம்பியன்னு எழுதுன அந்தப் படம்
எங்கியாச்சும் கிடக்குமாண்ணே?"
எல்லாம் எடைக்குப் போச்சு என்றேன்.
பொய்யில்லை.
என் பீரோவில் இருப்பது அவன் கை அல்ல.
அவன் கையெழுத்து.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
மைக்கில் சொன்னேன், அசையாதீங்க.
முயன்றான்.
மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது.