நகம் வளர்க்க அனுமதியில்லை

பதினான்கு வருடம் நாலு கம்பி.
ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமை ஆராதனை,
தூணுக்குப் பின்னால் என் இடம்.
பேஸ் வாசிப்பவளை யாரும் பார்ப்பதில்லை.
நின்றுபோனால்தான் தெரியும்,
மின்சாரம் மாதிரி.

மார்ச்சில் டிரம்ஸ் டெல்வின் கனடா போனான்.
புது கீபோர்டு வந்தது.
அதன் இடதுபாதியே பேஸும் வாசித்துவிடும் என்று
பாடகர்குழுத் தலைவர் சொன்னார்,
வருத்தப்படுகிற குரலில்.
சரி என்றேன்.
சரி என்பதும் ஒரு கீழ்ச்சுரம்தான்,
மற்றவர்கள் ஏறி நிற்பதற்கு.

நைலான் கம்பி கிட்டாரை விற்றது
மூன்றாம் மாடி ரொமுலோ.
விசா முடித்து ஒரேயடியாகக் கிளம்புகிறவர்.
இருபத்தெட்டு தினார், ரைஸ் குக்கர் இலவசம்.
'ஜாஸ் கேட்டு வளர்ந்தது இது' என்றார்,
நாயை ஒப்படைப்பவர் போல.
'வேறு எதையும் உடனே சாப்பிடாது.'

கயிறு இழுத்த கையில் இப்போது நூல்.
அமுக்கினால் சுரம் கோணிக்கொண்டு உயர்கிறது.
இவ்வளவு வேண்டாம், இவ்வளவு வேண்டாம்,
டயாலிசிஸ் வார்டில் புதுப்பெண்களுக்கு
நான் சொல்லும் அதே வாக்கியம்.
நோயாளியின் கையில்
ரத்தம் திருப்பிவிட்ட நரம்பின் மேல்
விரல் வைத்தால் ஓர் அதிர்வு வரும்,
பூனை உறங்குவது போல.
அதை அமுக்கக் கூடாது. கேட்கத்தான் வேண்டும்.

பழைய நாலு கம்பியும் இங்கே இருக்கின்றன,
ஒரு ஸ்தாயி மேலே, மெலிந்துபோய்.
கூட இரண்டு.
அந்த இரண்டுக்குத் தாவும் இடத்தில்
படி ஒன்று குட்டை.
இருட்டில் இறங்குகிறவள் போல
தினமும் அங்கே கால் தட்டுகிறது.

வீடியோவில் வாசிக்கிற எல்லோருக்கும் நகம்.
எனக்கு அனுமதியில்லை.
ஷிஃப்ட் தொடங்குமுன் சிஸ்டர் நவால்
விரல்களை நீட்டச் சொல்வாள், பள்ளிக்கூடம் போல.
ஆகவே சதை.
சதையின் சத்தம் தலையணை தாண்டாது.
அதுவும் நல்லதுதான்,
பக்கத்து அறையில் காலை நாலு மணி டியூட்டி.

கட்டைவிரல்தான் பாவம்.
இத்தனை வருடம் பேஸின் ஓரத்தில் சாய்ந்து நின்றது,
வேலையை மற்றவர்களுக்கு விட்டு.
இன்று கீழ்த்தளம் முழுக்க அதன் தலையில்.
ஒன்று இரண்டு மூன்று நாலு, அது நடக்க வேண்டும்.
மேலே மூன்று விரல்கள்
நினைத்த நேரத்தில் கிள்ளிவிட்டு ஓடும்.
வயிற்றுக்குள் இரண்டு பேர்
வேறு வேறு திசையில் பேசிக்கொள்வது போல்
இருக்கிறது இன்னமும்.

அப்புறம் அந்தப் பாடம்:
ஆதாரச் சுரத்தை விட்டுவிடு,
கேட்பவர் நிரப்பிக்கொள்வார்.
யாரிடம் சொல்கிறாய்?
வார்டைத் திறந்து போட்டுவிட்டு
டீ குடிக்கப் போ என்பது போல இருந்தது.
ஒரு மாதம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

ஜூலை, நள்ளிரவு, வெளியே நாற்பத்தி நாலு டிகிரி.
பெனிட்டா நைட் டியூட்டி.
ஜன்னல் ஏ.சி. முனகியது,
ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே.
எழுந்து ஆறு கம்பியையும்
அதற்குச் சுருதி சேர்த்தேன்.
விட்டேன் ஆதாரத்தை.
ஏ.சி. வாசித்தது.
முதுகை அனலுக்குக் காட்டிக்கொண்டு
யாரும் பார்க்காத அந்தப் பெட்டி.
ரொம்ப நேரம் வாசித்தோம்.
நன்றி என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை,
எனக்கும் யாரும் சொன்னதில்லை.

நவம்பரில் பெனிட்டா ஜன்னலைத் திறந்தாள்.
ஏ.சி. நின்றது.
நடுப்பாட்டில் தரை இல்லை.
கட்டைவிரல் பதறி ஓடியது, பிடிக்க.
பிடிக்காதே என்றேன்.
மேலே மூன்று சுரங்கள் இருந்தன.
விழவில்லை.
கீழே யாரோ கார் கழுவும் வாளியின் சத்தம்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே பெனிட்டா சொன்னாள்:
'ஏதோ குறையுது.'
'ஆமா' என்றேன்,
அடுத்த கார்டுக்குப் போனேன்.